மல்லாட்டைத் தோலும் ஒரு சிவப்பு நிறமும்

வேர்க்கடலை, நிலக்கடலை என்று இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் அது மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. பிரெஞ்சில் அராஷீத். வறுத்த பருப்பை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினால் பறந்துபோகும் சிவப்புத் தோல் இருக்கிறதே, இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. பருப்பின் எடையில் அது சுமார் 3 சதவிகிதம்தான். ஆனால் மருந்துக்கடை அலமாரியில் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று அச்சடித்து நிற்கும் டப்பாக்களுக்கு வம்சாவளி எழுதினால், அதில் ஒரு கிளை இந்தத் தோலில் போய்த்தான் நிற்கும்.

நம் ஊரின் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போன சரக்குகளில் மல்லாட்டைக்குப் பெரிய இடம் உண்டு. விளைந்தது பெரும்பாலும் பிரெஞ்சு எல்லைக்கு வெளியே, தென்னார்க்காட்டு மண்ணில். மாட்டு வண்டியில் துறைமுகத்துக்கு வந்து, சலங்கில் ஏறி, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் போய், மார்சேயில் இறங்கியது. (சலங்கு என்ற நம் சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றி ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொண்டதை ஒப்புக்கொண்ட சில இடங்களில் அதுவும் ஒன்று.)

இங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டை உடைக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று காயைத் தண்ணீரில் நனைத்து உரிப்பார்கள். ஈரம் பட்ட பருப்பு நீண்ட கப்பல் பயணத்தில் காறிப்போகும். அதனால் நம் கடற்கரைப் பருப்பிலிருந்து பிழிந்த எண்ணெய் பெரும்பாலும் சோப்புக் காய்ச்சத்தான் போனது. ஓட்டோடு வந்த செனெகல் மல்லாட்டையின் எண்ணெய் சாப்பாட்டு மேசைக்குப் போனது. விலை வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் காறுவதில் பெரிய பங்கு ஆக்சிஜனுக்கு. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. விதை அதற்கு எதிராகத் தானே ஒரு போர்வை போர்த்திக்கொண்டு பிறக்கிறது. நாம் ஊதிவிடும் அந்தச் சிவப்புத் தோலுக்கு இதுவும் ஒரு வேலை. அந்தக் காலத்தில் இதை யாரும் அளந்து பார்க்கவில்லை. தோல் பிண்ணாக்கோடு பிண்ணாக்காக மாட்டுக்குப் போனது.

ஆக்சிஜனைத் தடுக்கும் பொருள்கள் என்று ஒரு தனி இனம் உண்டு என்பது ஒழுங்காகத் தெரியவந்தது முதல் உலகப் போரில். எண்ணெய்ச் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்தால் கண்ணைக் கரிக்கும் புகை வருமே, அதில் அக்ரோலீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. 1916இல் பிரெஞ்சு ராணுவம் அதையே குண்டுகளில் நிரப்பிப் பகைவர்மேல் போட்டது. ஆனால் சேமித்து வைத்த அக்ரோலீன் கெட்டுப்போய்ப் பிசின் மாதிரி ஆகிவிடும். அதைக் கெடாமல் வைக்கும் வேலை ஷார்ல் மூரே, ஷார்ல் துஃப்ரேஸ் என்ற இரண்டு ரசாயன அறிஞர்களிடம் வந்தது. ஹைட்ரோகுவினோன், பைரோகாலால் போன்ற பொருள்களைத் துளியளவு சேர்த்தாலே போதும், கெடுவது நின்றுபோகிறது என்று கண்டார்கள். பைரோகாலால் காலிக் அமிலத்தைச் சூடாக்கிக் கிடைப்பது. காலிக் அமிலமோ மாசிக்காயிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்போடு சம்பந்தப்பட்டது. ஆக, நம் பாட்டிமார் இடித்து வைத்த துவர்ப்பும் பிரெஞ்சுக்காரன் குண்டுக்குள் போட்ட பொருளும் ஒரே குடும்பம். 1922இல் அவர்கள் அறிவியல் அகாதெமியில் சொன்னபோது அதற்கு வைத்த பெயர் 'ஆந்தி-ஒக்ஸிழேன்'. மனிதனைக் கொல்ல நடந்த ஆராய்ச்சியிலிருந்து வந்த சொல்லின் உறவுக்காரன் இன்று ஆயுளை நீட்டிப்பதாகச் சொல்லி விற்பனையாகிறான்.

இனி போர்தோவுக்கு வருவோம். வருஷம் 1947. இரண்டாம் போர் முடிந்து பிரான்சில் மனிதனுக்கும் தட்டுப்பாடு, மாட்டுக்கும் தட்டுப்பாடு. மல்லாட்டைத் தோலை மாட்டுத் தீவனத்தில் கலக்கலாமா, அதில் விஷம் எதுவும் இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. போர்தோ பல்கலைக்கழகத்தில் ழாக் மஸ்கெலியே என்ற இளைஞர் டாக்டர் பட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார். பேராசிரியர் பிரான்சிஸ் தாயோ அவருக்கு வழிகாட்டி.

விஷம் இல்லை. அத்தோடு விட்டிருந்தால் அந்த ஆய்வேடு ஏதோ ஒரு அலமாரியில் கிடந்திருக்கும். ஆனால் தோலின் சாற்றில் நிறமே இல்லாத ஒரு பொருள் இருந்தது. அமிலம் சேர்த்துச் சுட வைத்தால் அது சிவந்தது. செம்பருத்தி, ரோஜா இதழ்களில் இருக்கும் அதே இனத்துச் சிவப்பு. இந்த மாதிரி 'வெள்ளையாக ஒளிந்திருக்கும் சிவப்பை' ரோசன்ஹைம் என்பவர் 1920இல் திராட்சைக் கொடியின் இலையிலேயே பார்த்திருக்கிறார். மஸ்கெலியே அதைத் தோலிலிருந்து பிரித்து எடுத்து, எலிக்கும் முயலுக்கும் மனிதனுக்கும் அது என்ன செய்கிறது என்ற இடம்வரை போனார். 1948இல் பட்டம் கிடைத்தது.

அந்தச் சமயத்தில் 'வைட்டமின் பி' என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. நாம் சோற்றுத் தவிட்டில் சொல்லும் பி இல்லை, அதற்கு அடுத்த எழுத்துக்கள் எல்லாம் தாண்டி வரும் வேறு பி. ஹங்கேரியின் சென்ட்-ஜியோர்ஜி 1936இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்தும் மிளகாயிலிருந்தும் எடுத்த ஒன்று, நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசியாமல் பலப்படுத்துகிறது என்று சொல்லியிருந்தார். மஸ்கெலியேயின் பொருளும் அதைச் செய்தது. பேராசிரியரின் மனைவி கருவுற்றிருந்தபோது கால் வீங்கி அவதிப்பட்டார், இந்தச் சாற்றைக் கொடுத்ததும் இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது என்று ஒரு கதையை இந்தத் துறையில் எல்லாரும் சொல்வார்கள். ஒருவருக்கு வடிந்தது என்பது சாட்சி ஆகாது. ஆனால் 1950 வாக்கில் தோலிலிருந்து எடுத்த மருந்து பிரான்சின் மருந்துக்கடைகளுக்கு வந்துவிட்டது. அடுத்து லாந்து காட்டின் பைன் மரப்பட்டை. போர்தோவுக்குத் தெற்கே, மணலும் சேறுமாக இருந்த நிலத்தில் மூன்றாம் நெப்போலியன் காலத்துச் சட்டப்படி நட்டு வளர்த்த பெருங்காடு அது. மரம் அறுக்கும் மில்களில் பட்டை மலைமலையாகக் குவிந்து கிடந்தது. அதற்கும் பிறகு திராட்சை விதை. ஒயின் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைப் பிரெஞ்சில் 'மார்' என்பார்கள். பிழிந்த திராட்சையில் எடைக்கு எடை ஐந்தில் ஒரு பங்கு அதுவாகவே நிற்கும். சக்கையை வடிசாலைக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று ஒயின்காரர்களுக்கு நெடுநாள் சட்டம் இருந்தது.

தோல், பட்டை, விதை. மூன்றும் கழிவு. கழிவுக்கு விலை வர வேண்டுமானால் 'இதில் இவ்வளவு இருக்கிறது' என்று ஒரு எண் வேண்டும். அந்த எண் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. நான் ரசாயனம் படித்தவன் இல்லை. ஆனால் எண்கள் எங்கிருந்து பிறந்து கோப்புக்குள் வருகின்றன என்பதை முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவன்.

இந்த அளவை வேலையைத் தொடங்கியவர்கள் மருத்துவர்கள் இல்லை, தோல் பதனிடுகிறவர்கள். பட்டையில் எவ்வளவு துவர்ப்பு இருக்கிறது என்று தெரியாமல் விலை பேச முடியாதே. 1870களில் லோவென்தால் என்ற ஜெர்மானியரின் முறை பரவலாக இருந்தது. கிணற்றில் போடுகிறோமே பொட்டாசியம் பெர்மாங்கனேட், அதைப் பட்டைச் சாற்றில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். முடிந்துவிட்டது என்று காட்டிக்கொடுப்பது அவுரி நீலம். நீலம் மாறிய இடத்தில் நிறுத்திக் கணக்கு எழுதுவார்கள். பிறகு இன்னொரு பங்கு சாற்றை எடுத்து, அதிலிருக்கும் துவர்ப்பை ஜெலட்டின் போட்டு நீக்கிவிட்டு, மறுபடியும் சொட்டுவார்கள். முதல் கணக்கிலிருந்து இரண்டாவது கணக்கைக் கழித்தால் துவர்ப்பு. ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு, வித்தியாசம். கிடங்கில் சரக்குச் சரிபார்த்த எந்த குமாஸ்தாவுக்கும் இது புரியும்.

பிறகு வந்தது நீலம் மாறுவது இல்லை, நீலம் பிறப்பது. அமெரிக்காவில் ஃபோலின், ருமேனியாவிலிருந்து வந்த சியோகல்தூ இரண்டு பேரும் 1927இல் ஒரு மஞ்சள் கரைசலைச் சொன்னார்கள். டங்ஸ்டன், மாலிப்டினம் கலந்தது. அவர்கள் அளக்க நினைத்தது புரதத்தை. துவர்ப்புப் பொருள்களோடும் அது நீலமாகிறது என்பதால் 1965இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் சிங்கிள்டன், ரோசி என்பவர்கள் அதை ஒயினுக்கு ஏற்றபடி செப்பனிட்டார்கள். இன்றுவரை உலகத்தில் எந்தத் தோலை, கொட்டையை, சக்கையை ஆராய்ந்தாலும் முதலில் இந்த நீலத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இதில் ஒரு சங்கதி. சாற்றில் நூறு வகைப் பொருள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து 'இத்தனை மில்லிகிராம் காலிக் அமிலத்துக்குச் சமம்' என்று ஒரே எண்ணாக எழுதுவார்கள். நம் ஊரில் சொல்தாக்களின் வீட்டில் பென்ஷன் பேசுவது மாதிரி. பிராங்கில் வந்தது, யூரோவானது, கையில் கிடைப்பது ரூபாய். ஒரே நாணயத்தில் மாற்றிச் சொன்னால் கூட்டிப் பார்க்க வசதி. ஆனால் ரூபாய்க் கணக்கைப் பார்த்து, பணம் எந்த யுத்தத்துக்காக வந்தது என்று சொல்ல முடியாது. தவிர, அந்த நீலம் வைட்டமின் சிக்கும் வரும், சில சர்க்கரைகளுக்கும் வரும். யார் கதவைத் தட்டினாலும் திறந்துவிடும் வாட்ச்மேன்.

இன்னொன்று ஊதா. 1958இல் பிளாய்ஸ் என்பவர் ஊதா நிறப் பொருள் ஒன்றைக் காட்டினார். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் அதைத் தொட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதே அளவு. 1995இல் பாரிசுக்குப் பக்கத்தில் மாசி என்ற ஊரிலிருந்து மூன்று பேர் அதற்கு ஒழுங்கான நடைமுறை எழுதினார்கள். அதற்கப்புறம் உலகமெங்கும் ஊதா வெளுத்துக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு நேரம் நிறத்தையே பேசிவிட்டேன். நிறத்துக்கு முன்னால் சாறு வேண்டும், சாற்றுக்குக் கரைப்பான் வேண்டும். மஸ்கெலியே 1987இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையைப் பாருங்கள். பட்டையைக் கொதிநீரில் போடு, சமையல் உப்பைக் கரைய முடிகிற மட்டும் சேர், எத்தில் அசிடேட்டில் இழு, கடைசியில் குளோரோஃபாம் ஊற்றி அடியில் இறக்கு. முதல் இரண்டு வரி ரசம் வைப்பது போல இருக்கிறது. கடைசி வரி ஆபரேஷன் தியேட்டர். அளக்கும் கூடங்களிலும் இதே நிலைமைதான். சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானியர் 1879இல் பாலின் கொழுப்பை அளக்கச் செய்த கண்ணாடிக் கருவியில் மணிக்கணக்காக ஹெக்ஸேனோ ஈதரோ மெத்தனாலோ கொதித்து இறங்கும். ஒரு கைப்பிடி சக்கையை அளந்து முடித்தால் அதைவிடப் பல மடங்கு விஷத் திரவம் பீப்பாயில் சேரும். கழிவைக் காப்பாற்றப் போன இடத்தில் புதுக் கழிவு.

1998இல் அமெரிக்காவில் அனஸ்டாஸ், வார்னர் இருவரும் பசுமை ரசாயனத்துக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதினார்கள். 2013இல் போலந்துக்காரர்கள் மூவர் அளவை வேலைக்கென்றே தனியாகப் பன்னிரண்டு எழுதினார்கள். பிரான்சில் அவிஞ்ஞோன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஃபரீத் ஷெமாவின் குழு, தாவரப் பொருள்களைக் குறைந்த கரைப்பானில் எடுக்கும் வழிகளுக்குப் பேர்போனது. சமையலறை மைக்ரோவேவின் தம்பியையும், அல்ட்ராசவுண்டு எனும் கேளா ஒலியையும் வைத்து, மணிக்கணக்கில் நடந்ததை நிமிஷக் கணக்கில் நடத்துகிறார்கள். ஒலி தண்ணீருக்குள் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கி உடைக்கும். அந்த அதிர்வில் தாவரத்தின் செல் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே வரும்.

தண்ணீரே இன்னும் ஆச்சரியம். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கொடுத்து 100 டிகிரியைத் தாண்டிச் சுட வைத்தால், கொதிக்காமல் தண்ணீராகவே இருந்துகொண்டு, குணத்தில் ஆல்கஹால் பக்கம் சாய்கிறது. சாதாரணத் தண்ணீரில் இறங்காத துவர்ப்பு அதில் இறங்கும். சிட்ரிக் அமிலம், சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர் என்று சரியான கணக்கில் கலந்தால் பாகு மாதிரி ஆகி, அதுவும் கரைப்பானாகிறது. 2011இல் ஹாலந்தின் லைடன் நகரத்தார், தாவரங்கள் தமக்குள்ளேயே இப்படிப் பாகு வைத்துக்கொள்கின்றனவோ என்று ஒரு யோசனை சொன்னார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் பாகிலிருந்து சாற்றைத் திரும்பப் பிரிப்பது லேசான வேலை இல்லை. அழுத்தப் பாத்திரம் ஓட மின்சாரம் வேண்டும். 'பசுமை' என்று சொன்னவுடன் கணக்குக் கேட்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. என்னைக் கேட்டால் இதில் நிஜமான சிக்கனம் சின்னதாக்கியதுதான். சோதனைக் குழாய்க்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் 96 குழி. குழிக்கு கால் மில்லிலிட்டர் கூட வேண்டாம். அதையும் மிஞ்சியது அண்மை அகச்சிவப்பு ஒளி. கோதுமையின் ஈரத்தை அளக்க அமெரிக்க விவசாயத் துறையில் கார்ல் நாரிஸ் பழக்கிய வித்தை. பொடியின்மேல் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதைப் படித்துவிடலாம், ஒரு சொட்டுக் கரைப்பான் கிடையாது. ஆனால் அந்த ஒளிக்கு முதலில் பாடம் கற்றுக்கொடுக்க நூற்றுக்கணக்கான பொடிகளைப் பழைய முறையில் அளந்துதான் ஆக வேண்டும்.

சரி, அளந்தார்கள், எண் வந்தது. எண் எதைச் சொல்கிறது? 'ஓராக்' என்று இன்னொரு அளவை 1990களில் வந்தது. எந்தப் பழத்தில், எந்தப் பருப்பில் எவ்வளவு என்று அமெரிக்க விவசாயத் துறையே பட்டியல் போட்டது. கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டு, என் டப்பாவில் உன் டப்பாவைவிட அதிகம் என்று விற்றார்கள். 2012இல் துறையே பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழாயில் வரும் எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை, எண்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுகின்றன என்பது காரணம். தான் போட்ட பட்டியலை ஒரு அரசாங்க அலுவலகம் தானே வாபஸ் வாங்குவதை நான் என் சர்வீசில் அதிகம் பார்த்ததில்லை. அதற்காகவே அவர்களுக்கு ஒரு வணக்கம்.

ஒரு விஷயம் பாக்கி. பாரிசிலிருந்து வரும் உறவுக்காரர்கள் நம்மில் பலருக்குத் திராட்சை விதை மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மேலே '95 சதவிகிதம்' என்று இருக்கும். நீலம் சொன்னதோ சிவப்பு சொன்னதோ, ஏதோ ஒரு 95. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கடையில் விற்கும் திராட்சை விதைச் சாறுகள் 21ஐ வாங்கிப் பிரித்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். அவற்றில் 6இல் திராட்சை விதையே இல்லை. பெரும்பாலும் இருந்தது மல்லாட்டைத் தோல்.

விலை குறைவு என்பதால் அதைப் போட்டிருக்கிறார்கள். நீலச் சோதனையில் இரண்டும் நீலம்தான். அமிலத்தில் சுட வைத்தால் இரண்டும் சிவப்புதான். மஸ்கெலியே 1947இல் தோலில் பார்த்த சிவப்பைத்தானே பிறகு விதையிலும் பார்த்தார். வித்தியாசம் ஒரே ஒரு பிணைப்பு. திராட்சை விதையில் துவர்ப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒற்றைக் கையால் கோத்திருக்கும். மல்லாட்டைத் தோலில் பலவும் இரண்டு கையாலும் கோத்திருக்கும். மேல்நாட்டில் மல்லாட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் நிறைய. அதில் சிலருக்கு ஒரு துணுக்கு உயிருக்கே ஆபத்து. திராட்சை என்று நம்பி விழுங்குகிறவருக்கு டப்பாவின் மேலிருக்கும் 95 எந்த எச்சரிக்கையும் கொடுக்காது.

ஒற்றைக் கையா இரட்டைக் கையா என்று பார்க்கப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எடையையும் காட்டும் இயந்திரம் வேண்டும். அந்த இயந்திரத்துக்குள் நிமிஷத்துக்கு 1 மில்லிலிட்டர் திரவம் ஓடும். ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர். அதில் கணிசமான பங்கு அசிட்டோநைட்ரைல் என்ற விஷம். இதில் வேடிக்கை என்னவென்றால் அதுவே ஒரு கழிவு. செயற்கை நூலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருள் செய்யும் ஆலையில் பக்கத்தில் ஒதுங்குவது. 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்து கார் விற்பனை விழுந்தபோது பிளாஸ்டிக் விழுந்தது, பிளாஸ்டிக் விழுந்தபோது அசிட்டோநைட்ரைல் கிடைக்காமல் போயிற்று. ஆராய்ச்சிக்கூடங்கள் திண்டாடின. பசுமை விதிகள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததை அந்தத் தட்டுப்பாடு சில மாதத்தில் பலருக்குப் புரியவைத்தது. குழாயை மெல்லியதாக்கி ஓட்டத்தைக் குறைத்தார்கள். சிலர் அசிட்டோநைட்ரைலுக்குப் பதில் சாராயத்தையே ஓடவிட்டுப் பார்த்தார்கள், அதாவது எத்தனால்.

மாத்திரைக்குள் திருட்டுத்தனமாகப் போனது போக, உரிக்கும் ஆலைகளில் சேரும் மல்லாட்டைத் தோல் இன்றைக்கும் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகிறது. அதிகமாகச் சேர்த்தால் துவர்ப்பு புரதத்தைக் கட்டிப்போட்டு மாட்டுக்குச் செரிக்காமல் செய்யும் என்பதால் அளவோடு கலக்கிறார்கள். 1947இல் போர்தோவில் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை.